நான் எர்த் கம்பியாக இருந்த முப்பது நிமிடம்

எனக்கு எலக்ட்ரானிக்ஸ் முழுசாகத் தெரியும் என்று நான் நம்பியது வாழ்க்கையில் மொத்தம் பதினாறு நாள். ஆயுத பூஜை அன்று ஆரம்பித்தது. தீபாவளிக்கு நாலு நாள் இருக்கும்போது, செல்லூரில் ஒரு சிமெண்டுத் தரையில், வெறுங்காலோடு முடிந்தது.

அப்போது எனக்கு இருபத்தொரு வயது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை உள்ளே போய்ப் பார்த்த முதல் ஆள் நான்தான். (அப்பாவும் பார்த்திருக்கிறார். ஓட்டுப் போட.) பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்து, மதுரையில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சர்வீஸ் இன்ஜினியராகச் சேர்ந்திருந்தேன். ஆறு மாதம் சோதனைக் காலம். தீபாவளியோடு முடிகிறது. அதற்குப் பிறகு வைத்துக்கொள்வதா அனுப்பிவிடுவதா என்பது முதலாளி கையில்.

சேர்ந்த அன்றே முதலாளி சொன்னது ஒன்றே ஒன்றுதான். "பாண்டி, எந்த வீட்டுக்குப் போனாலும் ஷூவோட போ. செருப்புப் போட்டுட்டுப் போனா ஃபேன் மாட்ட வந்தவன்னு நெனச்சிருவாங்க." அதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். ஷூவைக் கழற்றினால் டிப்ளமோவும் கூடவே கழன்றுவிடும் என்பது போல நடந்துகொண்டேன். இந்தக் கதையில் அந்த ஷூவுக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

எங்கள் கடையில் கம்ப்யூட்டர் வாங்கியவர்களில் குபேந்திரன் அண்ணனும் பிரேமா அக்காவும் இருந்தார்கள். சௌராஷ்டிரக் குடும்பம். செல்லூரில் வீட்டின் முன்னறையை ரெக்கார்டிங் ஸ்டுடியோவாக மாற்றியிருந்தார்கள். சுவர் முழுக்க முட்டை அட்டை. ஜன்னலுக்கு ஒரு பழைய மெத்தை. நடுவில் மைக். ஆட்டோவில் குழாய் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக விளம்பரம் போவார்கள் இல்லையா, அதற்கு அண்ணன் மியூசிக் போடுவார், அக்கா பேசுவார். மதுரையில் நீங்கள் எந்தத் தெருவில் நின்றிருந்தாலும் அக்காவின் குரல் உங்களை ஒருமுறையாவது கடந்து போயிருக்கும். "இன்றே கடைசி" என்று அவர் சொன்னால், வாங்கும் எண்ணமே இல்லாதவனும் சட்டைப் பையைத் தொட்டுப் பார்ப்பான்.

அந்த ஸ்டுடியோவுக்கு ஒரே ஒரு சிக்கல். பக்கத்துக் கட்டடம் விசைத்தறிக் கூடம். காலையிலிருந்து ராத்திரி வரை டக்கடக்கென்று ஓடும். மத்தியானம் ஒன்றிலிருந்து இரண்டு வரை, சாப்பாட்டுக்கு, நிற்கும். அந்த ஒரு மணி நேரம்தான் அவர்களுக்கு ரெக்கார்டிங். ஒரு நாள் தும்மினால் ஒரு நாள் போச்சு.

ஆயுத பூஜைக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். கம்ப்யூட்டரை அணைத்து, வயரையெல்லாம் பிடுங்கித் துடைத்து, மேசை மேல் வரிசையாக வைத்திருந்தார்கள். பொரி, கடலை, வாழைப்பழம். சந்தனத்தைப் பன்னீர் விட்டுக் கெட்டியாகக் குழைத்து ஒரு வெள்ளிக் கிண்ணத்தில் வைத்திருந்தார் அக்கா.

"தம்பி, இதுல எதுக்கு எங்க வைக்கணும்னு எங்களுக்கு என்ன தெரியும். நீங்க படிச்சவங்க. நீங்களே வச்சிவிடுங்க."

படித்தவன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் எனக்கு அந்தக் காலத்தில் கை தானாக நீளும். மானிட்டருக்கு நாலு மூலையிலும் வைத்தேன். சிபியு பெட்டிக்கு நெற்றியில் வைத்தேன். மைக்குக்கு, மிக்ஸருக்கு, மவுஸுக்கு. அக்கா கீழே காட்டி, "அந்த எக்ஸ்டென்ஷன் பாக்ஸும் பாவம், அதுதான எல்லாத்துக்கும் கரண்டு குடுக்குது" என்றார். அதற்கும் தாராளமாக வைத்து, மேலே குங்குமமும் தொட்டுவைத்தேன். பிறகு எல்லா வயரையும் நானே மாட்டி, சுவிட்சைப் போட்டு, கம்ப்யூட்டர் கண் விழித்ததும் கையெடுத்துக் கும்பிட்டேன். இரண்டு வாழைப்பழமும் ஒரு பை பொரியும் கிடைத்தன.

மூன்றாம் நாள் அண்ணனிடமிருந்து போன்.

"தம்பி, ரெக்கார்டிங்ல ஒரு சத்தம் வருது. கொஞ்சம் வந்து பாருங்க. திருமங்கலத்துல புதுசா ஒரு ஜவுளிக்கடை தொறக்குறாங்க. தீபாவளிக்கு ஆறு ஆட்டோ. இம்புட்டுப் பெரிய ஆர்டர் நமக்கு வந்ததே இல்ல."

போனேன். அக்கா ஹெட்போனை என் தலையில் மாட்டினார். டப்பாவுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி ‘ங்ங்ங்ங்’ என்று ஒரு சத்தம். அதற்கு மேல் இன்னொன்று: மவுஸை நகர்த்தினால் ‘கிர்ர்’ என்றது. திரையில் ஒரு பக்கத்தை மேலும் கீழும் இழுத்தால் சத்தமும் கூடவே ஏறி இறங்கியது.

"கிராபிக்ஸ் கார்டு" என்றேன். டாக்டர்கள் டைபாய்டு என்பார்களே, அந்தத் தொனியில்.

"அதெல்லாம் இருக்கட்டும் தம்பி" என்றார் அக்கா. "ரெண்டு நாளா பெட்டியத் தொட்டா சுருசுருங்குது. எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கு."

ஷூ போட்டிருந்த நான் தொட்டுப் பார்த்தேன். ஒன்றும் கடிக்கவில்லை.

"பூஜைக்குப் பொரி வச்சீங்கள்லக்கா. எறும்பாத்தான் இருக்கும்."

சொன்னதோடு நிற்கவில்லை. பெட்டியைத் திறந்து டார்ச் அடித்து எறும்பு தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. அது இன்னும் ஆபத்து, ஒளிந்திருக்கிறது என்று சொல்லி, எறும்புச் சாக்பீஸ் வாங்கிவரச் செய்து பெட்டியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். அண்ணனும் அக்காவும் தங்களுக்குள் சௌராஷ்டிர பாஷையில் ஏதோ பேசிக்கொண்டார்கள். எனக்கு அந்த பாஷை ஒரு வார்த்தை தெரியாது. ஆனால் பேசும்போது அவர்கள் பார்வை என் சாக்பீஸ் மேலேயே இருந்தது.

மறுநாள் ஒரு மணிக்கு வேறு கிராபிக்ஸ் கார்டோடு போனேன். மாட்டிக்கொண்டே பாடம் நடத்தினேன். "திரையில படம் ஓடுறப்ப இந்தக் கார்டு கரண்ட வெடுக்கு வெடுக்குனு இழுக்கும்ணே. அந்தத் துடிப்பு மைக் லைன்ல ஏறிருது." சொன்னதில் தப்பில்லை. அப்படி நடப்பதுண்டு. ஆனால் சரியானதைச் சொல்லிக்கொண்டே தப்பானதைக் கழற்றலாம் என்று எனக்கு அன்று தெரியாது.

"இப்ப கேளுங்கண்ணே. மாறியிருக்கா?"

அண்ணன் கண்ணை மூடிக் கேட்டார். "மாறியிருக்கு தம்பி. முன்ன குளவி. இப்ப வண்டு."

அதற்கடுத்த நாள் பவர் சப்ளையை மாற்றினேன். வீட்டுக் கரண்டை வாங்கி, கம்ப்யூட்டருக்கு வேண்டிய அளவில் பிரித்துக் கொடுக்கும் டப்பா அது. முதலாளியிடம் கெஞ்சி, கடையிலேயே கனமானதை எடுத்துப் போனேன். வண்டு மறுபடி குளவியானது. அடுத்து, சத்தம் காற்று வழியாகத் தாவுகிறது என்று முடிவு செய்து, பிரியாணிக் கடையில் பார்சல் கட்டும் அலுமினியத் தாளை ஒரு சுருள் வாங்கிவந்து பெட்டி முழுக்கச் சுற்றினேன். ஆறு பேர் சாப்பிடுகிற மாதிரி ஒரு பார்சல் மேசை மேல் உட்கார்ந்திருந்தது. குளவி உள்ளே சௌக்கியமாக இருந்தது.

ஒவ்வொரு சோதனைக்கும் அவர்களுடைய அந்த ஒரு மணி நேரத்தைத்தான் நான் தின்றுகொண்டிருந்தேன். திருமங்கலத்துக் கடைக்காரர் தினம் போன் செய்தார். அண்ணன் தினம், "நாளைக்கு" என்றார். அக்கா மைக் முன்னால் தொண்டையைச் செருமிக்கொண்டு உட்காருவார். இரண்டு மணிக்குத் தறி கிளம்பும். எழுந்து போய்விடுவார்.

பத்தாம் நாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடைக்கே வந்துவிட்டேன். இங்கே மாட்டிக் கேட்டால் சத்தமே இல்லை. கோயில் குளம் மாதிரி அமைதி.

முதலாளி என்னையே பார்த்தார். "நல்லாத்தானடா இருக்கு. பாண்டி, அவங்க ஆர்டர் போச்சுன்னா செல்லூர்ல நம்ம பேரு நாறிரும். தீபாவளிக்குள்ள முடி. இல்லேன்னா நீ ஊர்லயே தீபாவளி கொண்டாடிக்க. திரும்ப வர வேணாம்."

பெட்டியைத் திரும்பக் கொண்டுபோய் மாட்டினேன். குளவி அங்கேயே காத்திருந்தது. கடையில் இல்லை, செல்லூரில் இருக்கிறது. ஆக, கோளாறு கம்ப்யூட்டரில் இல்லை, செல்லூர்க் கரண்டில். இந்த இடம் வரை என் மூளை ஒழுங்காகத்தான் வேலை செய்தது. அங்கேயிருந்து நேராகப் பக்கத்து விசைத்தறிக் கூடத்துக்குப் போனேன். தறிக்காரர் வாசலில் நூல் கண்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, உங்க மோட்டார்லருந்து எலக்ட்ரிகல் நாய்ஸ் வருது. லைன் வழியா பக்கத்து வீட்டுக்குப் போகுது. ஒரு நாள் முழுசா தறிய நிறுத்துனீங்கன்னா டெஸ்ட் பண்ணிருவேன்."

அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. "மாப்ள, மத்தியானம் ஒரு மணிக்குத் தறி நிக்கிதுல்ல?"

"நிக்கிதுண்ணே."

"அப்ப அங்க சத்தம் வருதா?"

"வருதுண்ணே."

அவர் அடுத்த கண்டை எடுத்தார். கொஞ்ச நேரம் அவர் எண்ணிய கண்டுகளை நானும் மனசுக்குள் எண்ணிவிட்டுத் திரும்பி வந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உசிலம்பட்டிக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊருக்குப் போனேன். சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்த என்னை அம்மா தோண்டித் துருவிக் கேட்டார். வேலை போகப்போகிறது என்பதை விட்டுவிட்டு மீதியைச் சொன்னேன்.

"பெட்டியத் தொட்டா சுருசுருங்குதாமா?" என்றார் அம்மா.

"ஆமா. அது எறும்பு."

"நம்ம பம்புசெட்டும் கோடையில அப்படித்தான சுருசுருன்னுச்சு. எர்த்துக் குழியில ரெண்டு கொடம் தண்ணி ஊத்துனேன். சரியாப் போச்சு."

"அம்மா, அது பம்புசெட்டு. இது கம்ப்யூட்டர்."

"ரெண்டும் கரண்டுலதானடா ஓடுது."

"உனக்குச் சொன்னாப் புரியாதும்மா. கொழம்ப ஊத்து."

குழம்பை ஊற்றினார். (அந்த வாக்கியத்தை நான் திரும்ப வாங்கிக்கொள்ள முயற்சி செய்யாத வருஷம் இல்லை. அம்மா தரமாட்டேன் என்கிறார்.)

தீபாவளிக்கு நாலு நாள். ஐப்பசி மழை. ஒரு மணிக்கு நான் போனபோது வாசலில் குழாய் கட்டிய ஆட்டோ ஒன்று நின்றது. உள்ளே திருமங்கலத்து ஜவுளிக்கடைக்காரர், தனுஷ்கோடி என்று பெயர், நாற்காலியில் நனைந்த வேட்டியோடு உட்கார்ந்திருந்தார்.

"நாளைக்குக் காலைல ஆட்டோ கெளம்பணும்" என்றார் அண்ணனிடம். "ரெண்டு மணி வரைக்கும் இருக்கேன். கேசட்டு கைக்கு வந்தா சரி. வரலைன்னா பரவையில ஒருத்தரு இருக்காராம், அங்க போறேன். கோவிச்சுக்கிறாதீங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் வாசற்படியில் நின்று என் ஷூவைப் பார்த்தேன். செல்லூர் சேறு மொத்தமும் அதில் இருந்தது.

"தம்பி, இன்னிக்கு மட்டும் ஷூவக் கழட்டிட்டு வாங்க" என்றார் அக்கா. "இப்பத்தான் தரை தொடச்சேன். ஈரம்கூடக் காயல."

கழற்றினேன். சாக்ஸில் பெருவிரல் வெளியே எட்டிப் பார்த்தது. திருமங்கலத்துக்காரர் முன்னால் அது வேண்டாம் என்று அதையும் கழற்றிப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டேன். பூஜைக்குப் பிறகு முதல்முறையாக வெறுங்காலோடு, ஈரத் தரையில் நடந்து போய், அலுமினியத் தாளைப் பிரித்துவிட்டுப் பெட்டி மேல் கை வைத்தேன்.

சுரீர்.

கையை இழுத்துக்கொண்டேன். அதே நேரம் ஹெட்போன் மாட்டியிருந்த அண்ணன் நிமிர்ந்தார்.

"தம்பி, இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலண்ணே."

"ஒரு செகண்டு சத்தம் நின்னுச்சு. திரும்பப் பண்ணுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு வைத்தேன். உள்ளங்கையில் எறும்பு ஊர்ந்தது. பிரேமா அக்காவின் அதே எறும்பு.

"நின்னுருச்சு. எடுங்க. வந்துருச்சு. வைங்க. நின்னுருச்சு."

அந்த நொடியில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது. பெட்டிக்கு எர்த் போகவில்லை. பூமிக்குப் போக வேண்டிய கசிவு போக வழியில்லாமல் பெட்டியிலேயே நின்றுகொண்டு, மைக் வழியாக முனகியிருக்கிறது. இப்போது அது என் கை வழியாக இறங்கி, கால் வழியாகச் செல்லூர் மண்ணுக்குப் போகிறது. கிராபிக்ஸ் கார்டின் ‘கிர்ர்’ கூட அடங்கிவிட்டது.

"எர்த் கட்டாயிருக்குண்ணே. எங்கன்னு தேடணும். ஒரு மணி நேரம் குடுத்தீங்கன்னா..."

"மணி ஒண்ணு இருவத்தஞ்சு" என்றார் தனுஷ்கோடி. "தேடுறதெல்லாம் அப்பறம் தேடிக்கங்க. இப்போதைக்கு நீங்களே எர்த்தா இருங்க."

யாரும் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அண்ணன் ஒரு மணையை எடுத்துப் போட்டார். அக்கா என் காலடியில் இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளித்துவிட்டார். (அம்மா சொன்ன இரண்டு குடத்தில் ஒரு கை அளவு வந்து சேர்ந்துவிட்டது.) நான் மணையில் உட்கார்ந்து, வலது கையைப் பெட்டி மேல் வைத்தேன். ஜன்னலில் சாத்திய மெத்தை மழைக்காற்றில் சரிந்துகொண்டே இருந்ததால் இடது கையால் அதைப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு கையையும் விரித்து, ஈரக் காலோடு, டிப்ளமோ இன் எலக்ட்ரானிக்ஸ் உட்கார்ந்திருந்தது. (இப்படி உட்காரும்படி நான் யாருக்கும் சொல்லமாட்டேன். என் நல்ல நேரம், அது எறும்போடு நின்றது.)

அக்கா ஆரம்பித்தார். "திருமங்கலம் பெருமக்களே..." முதல் தடவை மழை இரைந்தது. இரண்டாம் தடவை தனுஷ்கோடி இருமினார். மூன்றாம் தடவை கடைப் பெயருக்குப் பதில் போன மாதம் பேசிய செருப்புக் கடையின் பெயர் வந்துவிட்டது. நாலாம் தடவை எல்லாம் அழகாகப் போய்க்கொண்டிருந்தது. மணி ஒன்று ஐம்பத்தாறு. என் கை மரத்துப்போயிருந்தது. அப்போதுதான் ஒரு கொசு வந்து என் மூக்கின் மேல் உட்கார்ந்தது.

ஊதினேன். போகவில்லை. மூக்கைச் சுளித்தேன். வசதியாக உட்கார்ந்துகொண்டது. அக்கா, "பட்டுப் புடவைகளுக்கு" என்று இழுத்தார். கொசு குத்தியது. என் வலது கை யாரையும் கேட்காமல் எழுந்து, மூக்கைத் தட்டிவிட்டு, திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

அக்கா நிறுத்தாமல் முடித்துவிட்டார். முடித்த மூச்சிலேயே பக்கத்தில் தறி கிளம்பியது.

போட்டுக் கேட்டோம். "பட்டுப் புடவைகளுக்கு... ங்ங்பத்து சதவீதம் தள்ளுபடி."

"இது என்ன நடுவுல?" என்றார் தனுஷ்கோடி.

"கொசு" என்றேன்.

"கொசுவுக்கு இம்புட்டுச் சத்தமா?"

அண்ணன் அந்த இடத்தை வெட்டிப் பார்த்தார். சத்தம் சரியாக ‘பத்து’ மேலேயே விழுந்திருந்தது. வெட்டினால் பத்தும் போய், சதவீதம் தள்ளுபடி மட்டும் மிஞ்சியது. தனுஷ்கோடி கடிகாரத்தைப் பார்த்தார். மழையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "சரி, குடுங்க. இருக்குறது இருக்கட்டும்" என்று கேசட்டை வாங்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். ஆர்டர் பிழைத்தது.

அவர் போனதும் எர்த்தைத் தேட மேசைக்கு அடியில் படுத்தேன். இத்தனை நாளும் கம்ப்யூட்டர் வயரைப் பெட்டிக்குப் பின்னால்தான் பிடுங்கி மாட்டினேனே தவிர, கீழே எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் பக்கம் குனிந்ததே இல்லை. சுவரில் சுவிட்சை அணைத்து, பாக்ஸையே கழற்றி வெளியே எடுத்து, கம்ப்யூட்டர் பிளக்கை உருவினேன்.

அக்கா குனிந்து பார்த்தார். "மேல் ஓட்டைக்குள்ள என்ன தம்பி, மஞ்சளா அடைச்சிருக்கு?"

கரண்டு வரும் பாக்ஸை நீங்களும் பார்த்திருப்பீர்கள். கீழே இரண்டு சின்ன ஓட்டை, கண் மாதிரி. அதற்கு மேலே நடுவில் பெரிசாக ஒன்று. பொட்டு வைக்க வேண்டும் என்று ஒருவனிடம் கிண்ணத்தைக் கொடுத்தால், அவன் கை நேராக அந்த நெற்றிக்குத்தான் போகும். அந்த நெற்றிதான் எர்த். நான் தாராளமாக வைத்த பன்னீர்ச் சந்தனத்தை, நானே பிளக்கை அழுத்தி உள்ளே தள்ளியிருக்கிறேன். ஈரம் இருந்த வரை அதுவும் கரண்டுக்கு வழி விட்டிருக்கிறது. மறுநாளே காய்ந்து சுண்ணாம்புக் கட்டியாகி வழியை அடைத்துக்கொண்டது. பிளக்கின் பெரிய காலிலும் அதே பூச்சு.

அக்கா கொண்டையிலிருந்து ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தார். குத்தினேன். சின்ன வில்லையாக உடைந்து விழுந்தது. அதன் ஓரத்தில் குங்குமம்கூட அப்படியே இருந்தது.

இரண்டு பேரும் ரொம்ப நேரம் சௌராஷ்டிர பாஷையில் பேசிக்கொண்டார்கள். எனக்கு எல்லாம் புரிந்தது.

கடைசியில் சர்வீஸ் ரிப்போர்ட் எழுத வேண்டும். நான் ரிப்போர்ட்டை இங்கிலீஷில்தான் எழுதுவேன், அது ஒரு பெருமை. கோளாறுக்கான காரணம் என்ற இடத்தில், கஸ்டமர் தரப்புத் தவறு என்று எழுதி அக்காவிடம் கையெழுத்துக்கு நீட்டினேன். அக்கா விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தார்.

"கஸ்டமர்னா நாங்கதான தம்பி?"

குரலில் கோபமே இல்லை. ‘இன்றே கடைசி’ சொல்லும் அதே குரல். நான் பேனாவை வாங்கி அடித்துவிட்டு, இன்ஜினியர் தரப்பு என்று எழுதினேன். அப்போதும் அவர் கையெழுத்துப் போடவில்லை. "என்னன்னு முழுசா எழுதுங்க. நாளைக்கு வேற யாராவது வந்தா தெரியணும்ல." எழுதினேன். சந்தனம் என்பதற்கு இங்கிலீஷ் வார்த்தை எனக்கு அவசரத்தில் வரவில்லை. அந்த ஒரு சொல்லை மட்டும் தமிழில் எழுதினேன்.

முதலாளி அதைப் படித்துவிட்டு வேலையை நிரந்தரமாக்கினார். ஏன் என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டிவைத்தார். புதிதாகச் சேரும் ஒவ்வொருவரும் அதை நின்று வாசிக்க வேண்டும். அம்மா பம்புசெட்டுக்குப் பொட்டு வைக்கும்போது இன்றும் என்னைப் பார்த்து, "நீ தள்ளி நில்லுய்யா. இது கரண்டு விசயம்" என்கிறார்.

அடுத்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் குபேந்திரன் அண்ணன் போன் செய்தார். உடனே வரச் சொன்னார். பதறிப்போய் ஓடினேன். வாசலிலேயே ஷூவைக் கழற்றினேன்.

"மிஷினுக்கு ஒண்ணும் இல்ல தம்பி" என்றார் அண்ணன். "தனுஷ்கோடி புது கேசட்டு கேட்டு வாங்கிட்டுப் போனாரு. திரும்பக் கொண்டாந்துட்டாரு. ‘போன வருசம் பத்துக்கு முன்னாடி ஒரு சத்தம் வந்துச்சே, அது எங்க? ஜனம் அதக் கேட்டுத்தான் என்னமோன்னு திரும்பிப் பாத்துச்சு, வியாபாரமும் ஆச்சு’ங்குறாரு. பழசுலருந்து எடுத்து ஒட்டிப் பாத்தேன். ஒட்டுனது தெரியுதாம்."

உள்ளேயிருந்து பிரேமா அக்கா வந்தார். கையில் அந்த வெள்ளிக் கிண்ணம். நிறையக் குழைத்திருந்தார்.

"எங்க வைக்கணும்னு உங்களுக்குத்தான தம்பி தெரியும்."